நிற்கிறவர் பார்க்காத படம்

எங்கள் குழுவில் ஆட்கள் இரண்டு ரகம். நிற்கிறவர்கள், பேசுகிறவர்கள். நிற்கிறவர்கள் வெள்ளை முகமூடி மாட்டிக்கொண்டு, கழுத்தில் வார் போட்டு ஒரு டிவித் திரையை நெஞ்சில் தொங்கவிட்டு, நாலு பேராக முதுகோடு முதுகு சேர்த்துப் பொம்மை மாதிரி நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. தலையை ஆட்டக் கூடாது. தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். பேசுகிறவர்கள் பச்சைப் பனியன் போட்டுக்கொண்டு எங்களைச் சுற்றி வருவார்கள். வழியோடு போகிறவர் யாராவது நின்று, எங்கள் நெஞ்சில் ஓடுகிற படத்தைப் பார்த்து முகம் சுளித்தால், மெல்லப் பக்கத்தில் போய், "இதைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்பார்கள். படத்தில் ஓடுவது கோழிப்பண்ணை, மாட்டுக் கொட்டகை, அறுக்கிற கூடம். அந்தக் கேள்வியில் ஆரம்பித்து, கறி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மண்ணில் விளைவதை மட்டும் தின்கிறேன் என்று ஆளைச் சொல்ல வைக்க வேண்டும். சம்மதித்தவர் போன் நம்பர் கொடுப்பார். ஒரு மாதத்துக்குத் தினமும் அவருக்குச் சமையல் குறிப்பு போகும்.

பேசுகிறவர்களுக்குப் பயிற்சி உண்டு. அதில் முதல் பாடம், எதிராளி என்ன சொன்னாலும் "ஆமாங்க" என்று ஆரம்பிப்பது. மறுத்துப் பேசினால் ஆள் நகர்ந்துவிடுவான், ஆமாம் போட்டால் நிற்பான், நின்றால் திரும்பவும் கேள்வி கேட்கலாம். வானம் பச்சையாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னாலும், "ஆமாங்க, அப்ப இந்தக் கோழியைப் பாத்தா என்ன தோணுது?" என்பார்கள் எங்கள் பிள்ளைகள். "நாங்க சைவம்தாங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறவர்கள்தான் பாவம். "ஆமாங்க, ரொம்ப சந்தோஷம். பால்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், கோட்டை விழுந்த மாதிரி ஆகிவிடுவார்கள். முகமூடிக்குள் நான் சிரித்துக்கொள்வேன். அதற்குத் தடையில்லை, யாருக்கும் தெரியாதே.

நான் நிற்கிற ரகம். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுக்கிறவள். வாரம் முழுக்க வீங்கின கன்னங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குப் பேச்சே வெறுத்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வாய் மூடி நிற்க ஓர் இடம் கிடைத்தது என்று போய்ச் சேர்ந்தேன். உயிர்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் முதல் காரணம் வாய் மூடி நிற்கலாம் என்பதுதான். வீட்டில் எனக்காகக் காத்திருக்க ஆளும் கிடையாது. பாலை விட்டதுதான் கஷ்டமாக இருந்தது. டீக்கடையில் பால் இல்லாமல் டீ கேட்டால், "ஏம்மா, காய்ச்சலா?" என்கிறான்.

என் முதுகுக்குப் பின்னால் நின்றவர் அண்ணன். கூடப்பிறந்த அண்ணன் இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழகியது. ஒரு வருஷத்துக்கு மேல் நானும் அவரும் முதுகோடு முதுகாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். முகத்தைவிட அவர் முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். அகலமான முதுகு. முதலில் நான் அதில் சாய்ந்துவிடுவேனோ என்று பயந்து கூச்சப்பட்டார். பிறகு, "சாஞ்சுக்கோ தங்கச்சி, பரவால்ல, மூட்டை தூக்கின முதுகுதான்" என்றார். குழுவில் இருக்கிற பிள்ளைகள் அவரைக் கோழி அங்கிள் என்பார்கள். முன்பு அவர் பண்ணையிலிருந்து கறிக்கடைகளுக்குக் கோழி ஏற்றிப்போகும் லாரி ஓட்டியவர். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் கிடையாது. பிள்ளைகள் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தார்.

கோழி லாரியை விட்டுவிட்டு அவர் தண்ணீர்க் கேன் வண்டி ஓட்டப் போனது மகளுக்காக. ஒரே மகள். பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரியில் சேர்ந்த கையோடு எங்கள் குழுவிலும் சேர்ந்தாள். ஒரு நாள் காலையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தக் காசுல வாங்கினது எனக்கு வேணாம்" என்றாளாம். அன்றோடு அவரை அப்பா என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை, கதவைச் சாத்துவது இல்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

"ஏதாவது சொல்லணும்னா அவங்கம்மாகிட்ட சொல்லுவா, தங்கச்சி" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். "'பால்காரர் வந்தா எனக்கு வேணாம்னு சொல்லிடச் சொல்லு'ம்பா. நான் அதே ரூம்லதான் உக்காந்திருப்பேன். என்னைத் தாண்டித்தான் அந்தப் பேச்சே போகும். நான் என்ன பீரோவா?"

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகள் பழையபடி அப்பா என்று கூப்பிட வேண்டும். அதற்காகக் கறியை விட்டார். கூப்பிடவில்லை. முட்டையை விட்டார், பாலை விட்டார். அவள் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் லாரியை விட்டார். முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். "உனக்கு என்னய்யா கிறுக்கா புடிச்சிருக்கு? நீ விட்டா வேற ஒருத்தன் ஓட்டப் போறான். கோழி என்ன நடந்தா போகும்?" இவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். தண்ணீர்க் கேன் வேலையில் வருமானம் குறைவு. மாடி மாடியாகக் கேன் தூக்க வேண்டும், முட்டி வலி வேறு.

அவர் மனைவியை எனக்குத் தெரியும். கடைவாய்ப் பல் பிடுங்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கும்போதும் வாய் சும்மா இல்லை. கோணின வாயோடு, "கோழிங்களுக்கெல்லாம் விடுதலை வாங்கிக் குடுத்துட்டாரும்மா. எனக்கு எப்பன்னு கேட்டுச் சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

லாரியை விட்டும் மகள் வழிக்கு வராததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நேரே நாங்கள் நிற்கிற இடத்துக்கே வந்தார். ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற திறந்த வெளி அது. குளித்து, தலை வாரி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி நின்றார். மகள் அவரைப் பார்த்தாள். எங்கள் ஒருங்கிணைப்பாளர் தம்பியின் பக்கம் திரும்பி, "நிக்கறதுக்கு ஆள் தேவைதானே" என்றாள். அவரிடம் சொல்லவில்லை, தம்பியிடம் சொன்னாள். ஆனால் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "என்னைச் சேத்துக்கச் சொன்னா தங்கச்சி, என் பொண்ணுதான் சொன்னா" என்று அன்றைக்கே என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. வெயிலில் முகமூடிக்குள் வேர்வை ஊற்றும். திரை கனம், வார் கழுத்தை அறுக்கும். கேன் தூக்கித் தூக்கி ஏற்கெனவே வலிக்கிற தோள் அவருக்கு. ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நாங்கள் நாலு பேர் நிற்கிற சதுரத்தைச் சுற்றி மகள் நடந்துகொண்டிருப்பாள், அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டிருக்கும், அது போதும் அவருக்கு. அவள்தான் எங்கள் குழுவிலேயே கெட்டிக்காரப் பேச்சாளி. அவள் நிறுத்தினால் ஆள் நிற்பான். அவள் கேட்டால் நம்பர் கொடுப்பான். கள்ளமில்லாத பெண் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். அந்தக் கோழிகளுக்காக அவள் நிஜமாகவே அழுது நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நிற்கிறவருக்குத் தன் படம் தெரியாது. திரை வெளிப்பக்கம் பார்த்துத் தொங்குகிறது. அதை மாட்டி முடித்த பிறகுதான் பச்சைப் பனியன் ஒருவர் வந்து பட்டனை அழுத்துவார். கழற்றுவதற்கு முன்னால் அவரே வந்து அணைத்துவிடுவார். ஊருக்கெல்லாம் நாம் காட்டுகிறோம், காட்டுவது என்ன என்று நமக்குத் தெரியாது. நாலு திரையிலும் நாலு படம். எனக்கு எப்போதும் மாடு. அண்ணனுக்கு எப்போதும் கோழி. "கோழி அங்கிளுக்குக் கோழிதானே" என்று சொல்லிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மாட்டுவார்கள், அவரும் கூடச் சிரிப்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. நாங்கள் நின்று கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. திரைகள் நனைந்தால் போச்சு. எல்லோரும் அள்ளிச் சுருட்டிக்கொண்டு பக்கத்துக் கடைவரிசையின் கூரைக்கடியில் ஓடினோம். மழைக்கு ஒதுங்கிய கூட்டம் அங்கே நிறைய. ஒருங்கிணைப்பாளர் தம்பிக்கு வாயெல்லாம் பல். "அக்கா, எங்கயும் ஓட முடியாத கூட்டம். இங்கயே நிப்போம்" என்றான். நின்றோம். ஞாயிறு என்பதால் மூலையில் இருந்த டீக்கடை தவிர மற்றக் கடைகள் சாத்தியிருந்தன. எனக்கு எதிரே தெரு, மழை. அண்ணனுக்கு எதிரே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. பெரிய கண்ணாடிச் சுவர், உள்ளே விளக்கில்லாமல் இருட்டு.

கொஞ்ச நேரத்தில் என் முதுகில் ஏதோ வித்தியாசமாக இருந்தது. அண்ணனின் முதுகு மூச்சுக்கு ஏறி இறங்குவது எனக்குப் பழக்கம். அது நின்றுவிட்ட மாதிரி இருந்தது. பிறகு திடீரென்று நடுங்க ஆரம்பித்தது. காய்ச்சல் போல என்று நினைத்தேன். பேசக்கூடாது என்பதால் முழங்கையால் மெல்ல இடித்தேன். பதில் இடி வரவில்லை.

இடைவேளை விட்டார்கள். முகமூடியைக் கழற்றிவிட்டு அண்ணன் நேராக டீக்கடை மூலைக்குப் போனார். பின்னாலேயே போனேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"தங்கச்சி, என் நெஞ்சுல ஓடறது யார் படம்?"

"கோழிதானே?"

"அது நான்."

எனக்குப் புரியவில்லை. கடைக் கண்ணாடியில் தன் நெஞ்சு தெரிந்தது என்றார். முதலில் பார்க்க வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டாராம். அதையெல்லாம் நேரில் பார்த்தவர்தானே, போதும் என்று. பிறகு ஒரு நீல நிறம் கண்ணில் பட்டது. கட்டம் போட்ட நீலச் சட்டை. தன்னுடைய லாரி, தன்னுடைய கை. அதற்கப்புறம் கண்ணை மூட முடியவில்லை.

"அவ ஸ்கூல் முடிச்ச லீவு, தங்கச்சி" என்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "ஒரு நாள் காலைல, 'அப்பா, நானும் லாரியில வரேன்'னா. அதுக்கு முன்னாடி அவ என் வேலையைப் பத்திக் கேட்டதே இல்ல. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. சீட்டைத் துடைச்சேன், அவளுக்குத் தலகாணி போட்டேன். அவ எடுத்துக் குடுத்த புதுச் சட்டையை அழுக்கு வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போனேன். வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தா. பண்ணையில நான் கோழி ஏத்தும்போது போனைத் தூக்கிக்கிட்டு, 'அப்பா, இங்க பாருங்க, சிரிங்க'ன்னா. ரெண்டு கையிலயும் கோழி. தூக்கிக் காட்டிச் சிரிச்சேன். போட்டோ எடுக்கறான்னு நினைச்சேன்."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் வாழ்க்கையிலயே நல்ல நாள் அது, தங்கச்சி. அடிக்கடி நினைச்சுப்பேன்."

நான் எழுந்து போனேன். போய் அந்தத் திரையைப் பட்டன் தட்டிப் பார்த்தேன். ஒரு வருஷம் முதுகுக்குப் பின்னால் ஓடிய படத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். காலை வெயில், வலை அடித்த நீளக் கொட்டகை. நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரர் கோழிகளைக் காலைப் பிடித்துக் கொத்தாகத் தூக்குகிறார். தலைகீழாகத் தொங்கி அவை அடிக்கிற அடியில் இறகு பறக்கிறது. பெட்டிக்குள் திணிக்கிறார். ஒன்றின் கால் வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறது, கவனிக்காமல் மூடியை அழுத்துகிறார். அந்தக் கால் இழுத்துக்கொள்கிறது. பிறகு இரண்டு கையையும் கோழிகளோடு உயர்த்தி, நம்மைப் பார்த்துத் திரும்பி, வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். அங்கே படம் உறைந்து நிற்கிறது. சத்தம் கிடையாது, 'சிரிங்க' என்று சொன்ன குரல் கிடையாது. முகத்தை மறைத்திருக்கிறார்கள் என்று பெயர், மறைத்தது கண்ணை மட்டும்தான். சிரிப்பு தெரிய வேண்டுமே.

படம் பொய்யில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கால் நிஜம், அந்த இறகு நிஜம். நான் பாலை விட்டதும் கறியை விட்டதும் அந்த மாதிரிப் படங்களால்தான், திரும்பவும் தொட மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு கோழியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை. அது மட்டும் சுத்தப் பொய்.

ஒருங்கிணைப்பாளர் தம்பியைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனேன். நல்ல பையன்தான், கம்ப்யூட்டர் வேலை, யாரிடமும் குரல் உயர்த்த மாட்டான்.

"இது அண்ணன்தானே?"

அவன் சுற்றிலும் பார்த்துக்கொண்டான். "ஆமாங்க்கா."

என்னிடமும் ஆமாங்க.

"யார் யாருக்குத் தெரியும்?"

"பேசறவங்க எல்லாருக்கும் தெரியும்க்கா. அவ சேர வந்தப்பவே இந்தப் படத்தோடதான் வந்தா. அழுதுக்கிட்டே குடுத்தா. நம்மகிட்ட இருக்கறதுலயே இதுக்குத்தான் அதிகமா ஆள் நிக்கறாங்க. அந்தச் சிரிப்பு இருக்கே, அதைப் பாத்துட்டு யாராலயும் தாண்டிப் போக முடியாது."

"அதைக் கொண்டுபோய் அவர் கழுத்துலயே மாட்டறீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"அவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்க்கா மாட்டறோம்" என்றான். நிஜமாகவே நல்ல காரியம் செய்தவன் முகம். "வேற யாராவது மாட்டியிருந்தா, போகும்போது வரும்போது இவர் கண்ணுல பட்டுடும். இவரே மாட்டிக்கிட்டா இவரால பாக்க முடியாதில்ல. அது அவளோட ஐடியாதான்க்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கமாகப் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியாது. படத்தையே எடுத்துவிடலாமே என்று கேட்கலாம்தான். அதற்கும் ஆமாங்க என்று ஆரம்பித்து ஒரு கேள்வி கேட்பான்.

திரும்பி வந்து, "வாண்ணே, வீட்டுக்குப் போலாம். நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

அண்ணன் முகத்தைக் கழுவியிருந்தார். "வேணாம் தங்கச்சி. இப்ப போனா ஏன்னு கேப்பாங்க. நான் பாத்துட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் அவ என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

"அவ ஏன் முழிக்கக் கூடாது? தப்பு பண்ணினது அவ!"

"அவளுக்குத்தானே கூச்சமா இருக்கும்" என்றார். முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்து, கழுத்தைக் காட்டினார். ஒரு பச்சைப் பனியன் பையன் வந்து, "கோழி அங்கிளுக்குக் கோழி" என்று சொல்லிக்கொண்டே அந்தத் திரையை மாட்டிப் பட்டனை அழுத்தினான்.

நின்றோம். மழை விட்டபாடில்லை. என் பக்கம் ஒருவரும் வரவில்லை, மாட்டை எல்லோரும் பார்த்தாகிவிட்டது போல. அண்ணன் பக்கம் மட்டும் காலடிகள் வந்து நிற்பதும் போவதும் கேட்டுக்கொண்டே இருந்தன. பிறகு ஒருவர் வந்து நின்றார், நகரவில்லை. அவர் கையில் இருந்த பிளாஸ்டிக் பையின் சரசரப்பும் அவர் உச்சுக்கொட்டுவதும் எனக்குக் கேட்டன. மகளின் செருப்புச் சத்தம் அந்தப் பக்கம் போனது.

"இதைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது, சார்?"

"என்ன தோணும்? வயித்தைப் பிசையுது. எப்படிப் போட்டு அமுக்கறான் பாரும்மா."

"ஆமாங்க. வலிக்குமேன்னு தோணுது இல்லையா?"

"அதைக்கூட விடு. சிரிக்கறான் பாரு! எதுக்குச் சிரிக்கறான்? இவனெல்லாம் மனுஷ ஜென்மமா?"

"ஆமாங்க." குரலில் எந்த மாற்றமும் இல்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே இதமான குரல். "இப்படி ஒருத்தர் கையால வர்றதை நாம சாப்பிடணுமான்னு நீங்க யோசிச்சிருக்கீங்களா?"

"யோசிக்கணும்தான், நீ சொல்றது சரிதான். என் பேத்தி கோழின்னா உசுரை விடுவா. அவகிட்ட இதைக் காட்டணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு அந்த மனிதர் மறுபடியும், "ஆனா ஒண்ணும்மா. புள்ளையைப் பெத்தவனுக்கு இப்படிச் சிரிப்பு வராது. இவனுக்குப் புள்ளைகுட்டியே இருக்காது" என்றார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் அந்த முதுகும் பிடித்துக்கொண்டது. சொல்ல எத்தனையோ இருக்கிறது. தெரியலைங்க என்று சொல்லலாம். அதை விடுங்க சார் என்று சொல்லலாம். ஒன்றும் சொல்லாமலே அடுத்த கேள்விக்குப் போகலாம். ஒரே ஒரு தடவை பயிற்சியை மறந்து தொலைக்கலாம்.

"ஆமாங்க" என்றாள்.

"இருக்கு."

முகமூடிக்குள்ளிருந்து வந்த குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. நான் விதியை மீறித் தலையைத் திருப்பினேன். அண்ணன் அசையவில்லை, திரையின் இரண்டு ஓரத்தையும் கையால் பிடித்துக்கொண்டு நேராகத்தான் நின்றிருந்தார்.

"பொண்ணு இருக்கு" என்றார் மறுபடியும். "அவளைப் பாத்துத்தான் சிரிச்சேன். அவதான் சிரிக்கச் சொன்னா."

பைக்காரர் பயந்து இரண்டடி பின்னால் போனார். கையில் இருந்த பை நழுவியது. அண்ணனின் முகமூடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, ஏதோ நாடகம் என்று நினைத்திருப்பார். "அட, பொம்மை பேசுது! நல்ல ஆளுங்கய்யா நீங்க" என்று சிரித்துக்கொண்டே குனிந்து பையை எடுத்து, குடையை விரித்து, மழையில் இறங்கிப் போய்விட்டார்.

மகள் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருங்கிணைப்பாளர் தம்பி வந்து அண்ணனின் காதருகே, "அங்கிள், நிக்கறவங்க பேசக்கூடாது, உங்களுக்குத் தெரியும்ல" என்றான். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான். அவர் தலையாட்டினார். தலையாட்டவும் கூடாது.

அதற்குப் பிறகு சீக்கிரமே மூட்டை கட்டினோம். பேருந்து நிறுத்தத்தில் நாங்கள் மூன்று பேர்தான். அண்ணன், அவர் மகள், நான். ஒரே பேருந்து எங்களுக்கு. மகள் எங்களுக்கு இரண்டு அடி தள்ளி நின்று போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அழுகையைத் தேடினேன். கோபத்தைத் தேடினேன். வாய்ப்பு கைநழுவிப்போன எரிச்சல்தான் இருந்தது, விற்க வந்தவன் முகத்தில் இருக்குமே, அது.

அண்ணன் அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"பாப்பா" என்றார். "உன்னைத் திட்டறதுக்கு இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு லாரியில வந்தியே. எங்கூட வரணும்னு ஆசைப்பட்டுத்தானே வந்தே? படம் எடுக்கறதுக்குன்னு வரலையே?"

எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பொய்யாவது சொல்லிவிடு பெண்ணே என்று மனதுக்குள் கெஞ்சினேன். பேருந்தின் விளக்கு தெரு முனையில் திரும்பியது.

மகள் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அந்த ஆள் நம்பர் குடுக்க இருந்தார்ப்பா" என்றாள். "நல்லா வந்துக்கிட்டிருந்தாரு. கடைசி நிமிஷத்துல கெடுத்துட்டீங்களேப்பா."

பேருந்து வந்தது. அவள் முன்னால் ஏறி, தனியாக இருந்த ஓர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்வாசலில் ஏறிக் கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தேன். அண்ணன் உடைந்துபோயிருப்பார், கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவர் தாமாகவே ஏறினார். நனைந்த தலையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அதில் சந்தோஷம் இருந்தது.

"கேட்டியா தங்கச்சி?" என்றார், அவளுக்குக் கேட்டுவிடாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அப்பான்னு சொல்லிட்டா. ரெண்டு தரம்."

"கேட்டேண்ணே" என்றேன். வேறு என்ன சொல்லித் தொலைப்பது.